மூன்றாம் வால்வில் ஒரு மஞ்சள் துணி

மூன்றாம் வால்வின் கழுத்தில் கட்டியிருந்த மஞ்சள் துணி சிவந்து கிடந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று பத்து. வெயிலாட்சிக்கு வந்த முதல் நினைப்பு இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதுதான். வெள்ளிக்கிழமை என்றால் முப்புடாதி அண்ணாச்சி காலையிலேயே குளித்துப் பட்டை போட்டு, கம்ப்ரஸருக்குச் சூடம் காட்டி, கையில் மிச்சமிருக்கிற குங்குமத்தை ஸ்விட்ச் போர்டு, பீரோ, ஐஸ் உடைக்கிற மிஷின் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் வைத்துவிடுகிற நாள். ஒரு தடவை எலிப்பொறிக்குக்கூட வைத்திருக்கிறார். இன்றைக்குத் துணிக்கும் வைத்துவிட்டாரா மனுஷன்? ஆறு வால்வு, ஆறு துணி. மற்ற ஐந்தையும் எட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றின் நடுவிலும் அளவாக ஒரு பொட்டு. மூன்றாவதில் மட்டும் பொட்டு எது துணி எது என்று தெரியாமல் ஒரே சிவப்பு. துணியில் ஈரம் கூடுதலாக இருந்து குங்குமம் கரைந்து ஓடியிருக்கலாம். அல்லது வால்வின் தண்டு வழியாக, ஐஸை உறையவைக்கிற அமோனியா கசிந்திருக்கலாம். மஞ்சள் நனைத்த துணியில் அமோனியா பட்டால் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவந்து குங்குமம் ஆகிறதே, அதே சங்கதிதான், அதனால்தான் இரண்டு சிவப்பும் அக்கா தங்கச்சியாக நிற்கிறது, கண்ணால் பிரிக்க வழியில்லை. குங்குமமா, அமோனியாவா. இந்த ஐஸ் பிளான்ட்டில் வேறு யாராக இருந்தாலும் குனிந்து ஒரு தடவை மூச்சை இழுத்திருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். வெயிலாட்சி குனியவில்லை. அவளுக்கு ஒன்றரை வருஷமாக எந்த வாடையும் தெரியாது.

ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஏழு நாள் படுத்தாள், எட்டாம் நாள் எழுந்து குழம்பு வைத்தாள், குழம்பில் வாடையே இல்லை, மூக்கடைப்பு என்று விட்டுவிட்டாள். மூக்கு திறந்தது, மணம் திரும்பவில்லை. மண்ணெண்ணெய், நெத்திலிக் கருவாடு, மகளின் தலைமுடி, புது நோட்டுப் புத்தகம், எல்லாம் ஒரே நாளில் போனது. அப்போது அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. பிச்சிப்பூவை வாங்கி வந்து முகத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், குளிர்ந்தது, அவ்வளவுதான். லாரி ஓட்டுகிற புருஷன் தங்கமாரிக்கு மட்டும் தெரியும். மாசத்துக்கு ஒரு தடவை லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வருகிறவன் ஒவ்வொரு தடவையும் அதையே சொல்லுவான்: “மொதலாளிகிட்ட சொல்லித் தொலையேன், தலையையா வெட்டப் போறாவ?” தலையை வெட்டமாட்டார்கள், வேலையை வெட்டுவார்கள். முதலாளி சற்குணம் கெட்டவர் இல்லை, ஆனால் அமோனியா ஓடுகிற பிளான்ட்டில் மூக்கு செத்தவளுக்கு என்ன வேலை என்று அவர் கேட்டால் அவள் என்ன பதில் வைத்திருக்கிறாள்? பதில் இருக்கத்தான் செய்கிறது, ஆறு துணியாகத் தொங்குகிறது. ஒருநாள் சேலையில் குழம்பு சிந்திய இடத்தில் சோப்புப் போட்டாள், மஞ்சள் கறை ரத்தமாகச் சிவந்தது, பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரி முழுக்க அந்த அரை நிமிஷத்தில் திரும்பி வந்தது. சோப்பு காரம், அமோனியாவும் காரம். அன்றைக்கே தங்கமாரியின் பழைய வேட்டியைக் கிழித்து, மஞ்சள் கரைத்து நனைத்து, வால்வுக்கு ஒன்றாகக் கட்டினாள். மணிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்தாள். பார்த்தவர்கள் நேர்த்திக்கடன் என்று நினைத்தார்கள். “யாருக்கும்மா நேந்துருக்கிய?” என்று முப்புடாதி கேட்டார். “எல்லாருக்கும்தான் அண்ணாச்சி” என்றாள். பொய் சொல்லவில்லை, ஆனால் நிஜத்தையும் சொல்லவில்லை. இப்போது மனுஷன் பக்தியாகப் பொட்டு வைத்ததற்கு யாரைக் கோபிப்பது? நேர்த்தித் துணி என்று நம்பினால் குங்குமம் வைக்காமல் என்ன செய்வார்? தப்பு தன் பேரில்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, தெரிந்ததால் எரிச்சல் கூடியது.

சரி, எரிச்சல் பட்டு ஆவதென்ன. சிவந்த துணியை அவிழ்த்தாள், வால்வின் கழுத்தைக் கழுவித் துடைத்தாள், கைவிரலைக் கழுவினாள், அலமாரியில் பாட்டிலில் இருந்த மஞ்சள் தண்ணீரில் புதுத் துணி ஒன்றை முக்கிக் கட்டினாள். மணி ஒன்று பதினாலு. பெரிய கசிவென்றால் கட்டின மாத்திரத்தில் சிவக்கும், ஊசிமுனைக் கசிவென்றால் பத்து நிமிஷம் ஆகும், பத்து நிமிஷம் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் குங்குமம்தான். இது அவளே வைத்த சட்டம், ஒன்றரை வருஷத்தில் இரண்டு தடவை சரியாகச் சொல்லியிருக்கிறது, இரண்டு தடவையும் யாருக்கும் தெரியாமல் ஸ்பேனரை எடுத்து முறுக்கிவிட்டாள். கந்தகக் குச்சி கொளுத்திக் காட்டினால் உடனே வெண்புகை வந்து சொல்லிவிடும், அது தீர்ந்து நாலு நாளாகிறது, முதலாளியிடம் இரண்டு தடவை கேட்டாயிற்று. சோப்பு நுரை போடலாமே என்று யாராவது படித்தவர் சொல்லக்கூடும், மற்ற வாயுவுக்கு அது சரி, இவ்வளவு சின்னக் கசிவில் அமோனியாவை அந்த நுரைத் தண்ணீரே குடித்துவிடும், கொப்புளம் எங்கிருந்து வரும்? ஒரு லிட்டர் தண்ணீர் எழுநூறு லிட்டர் அமோனியாவை உள்ளே வாங்கிக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல இருக்கும். அதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு, வெயிலாட்சிக்குக் கல்லூரியில் பிடித்த ஒரே பாடம். மற்றப் பிணைப்பெல்லாம் கல்யாணம், எழுதிக் கையெழுத்துப் போட்டது. இது அப்படியில்லை, கூட்டத்தில் போகிறபோது ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிப்பதும் விடுவதும் மாதிரி. ஒரு மூலக்கூறில் ஆக்ஸிஜனோ நைட்ரஜனோ எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அதோடு ஒட்டியிருக்கிற ஹைட்ரஜன் ஏமாந்துபோய் நிற்கும், நின்று பக்கத்து மூலக்கூறின் ஆக்ஸிஜனைப் பார்த்துக் கையை நீட்டும். தண்ணீர் தண்ணீரைப் பிடிக்கும். அமோனியா அமோனியாவைப் பிடிக்கும், கொஞ்சம் தளர்வாக. ஆனால் அமோனியாவும் தண்ணீரும் பார்த்துக்கொண்டால் விடவே விடாது. பருத்தித் துணி ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதும் இந்தக் கையால்தான், ஈரம் அமோனியாவைப் பிடிப்பதும் இதே கையால்தான். மணி ஒன்று பதினாறு, துணி மஞ்சள்.

கம்ப்ரஸர் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒரு பிசிறு விழுந்தால் தூக்கத்தில்கூட அவளுக்குத் தெரியும், பெல்ட் தளர்ந்தால் தெரியும், எண்ணெய் குறைந்தால் தெரியும், பைப்பில் பனி பிடித்திருக்கிற அளவை வைத்து உப்புத்தண்ணீர்த் தொட்டி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று மீட்டரைப் பார்க்காமல் சொல்லுவாள், சொன்னால் ஒரு டிகிரி முன்பின் இருக்காது. பில் எழுதுகிற வேலைக்கு வந்து, பழைய ஆப்பரேட்டர் மெட்ராஸ் போன வாரத்தில் தானே மிஷினில் கை வைத்து, அப்புறம் பரீட்சை எழுதிச் சான்றிதழும் வாங்கியவள். வெயிலை ஆளுகிற பேரை வைத்துக்கொண்டு ஐஸ் போடுகிறாயே என்று கேலி பண்ணாத படகுக்காரன் கிடையாது, ஏழு வருஷமாக அவளும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள், ஆனால் எவனாவது ஐஸில் குறை சொல்லியிருக்கிறானா? தொட்டிக்குள் இந்த நிமிஷம் நானூறு கேன் நிற்கிறது, ஓரமெல்லாம் இறுகி நடுவில் மட்டும் தண்ணீராக. உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும், பார்த்த மாதிரியே தெரியும். தண்ணீராக இருக்கும்போது பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்த கைகள் குளிர ஆரம்பித்ததும் விட மறுக்கும், ஒவ்வொன்றும் நாலு பேரைப் பிடிக்கும், நாலு பேரைப் பிடிக்கவேண்டுமென்றால் தள்ளி நிற்கவேண்டும், தள்ளி நின்றால் இடம் அதிகம் வேண்டும், அதனால்தான் ஐஸ் பெருக்கிறது, அதனால்தான் மிதக்கிறது. கேனை வாய்வரை நிரப்பாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்லியும் வாய்வரை நிரப்பிவிடுகிறார்கள், ஐஸ் பெருத்துக் கேன் வாய் பிளந்து நிற்கும். தண்ணீரின் சாதியிலேயே ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று ஒன்று உண்டு, தண்ணீரைவிட எடை கூட, கை கொடுக்கத்தான் தெரியாது, அதனால் பூஜ்யத்துக்குக் கீழே அறுபதிலேயே ஆவியாகிவிடும். தண்ணீரும் அப்படிக் கை கொடுக்கத் தெரியாததாக இருந்திருந்தால் வாசலுக்கு எதிரே கிடக்கிற இந்தக் கடல் ஏது, மீன் ஏது, படகு ஏது, ஐஸ் வாங்க வருகிற ஆள் ஏது? இந்த நினைப்பு அவளுக்கு எப்போதும் ஒரு சந்தோஷத்தைத் தரும், இப்போதும் தந்தது. முதல் வருஷம் லேபில் ஐம்பது மில்லி தண்ணீரையும் ஐம்பது மில்லி ஆல்கஹாலையும் கலந்து நூறு வரவில்லை, தொண்ணூற்றேழுதான் வந்தது. கூட நின்றவள் கொட்டிவிட்டாயா என்று கேட்டாள். வெயிலாட்சி மறுபடி கலந்தாள், மறுபடி தொண்ணூற்றேழு. மிஸ் வந்து, கொட்டவில்லை, இரண்டும் நெருங்கிப் பிடித்துக்கொண்டது, அதனால் இடம் மிச்சம் என்றார். அன்றைக்கு மற்றவர்கள் எல்லாம் நோட்டில் நூறு என்று எழுதினார்கள். அவள் தொண்ணூற்றேழு என்றுதான் எழுதினாள். கண் பார்த்ததைத்தானே எழுதமுடியும். மணி ஒன்று பத்தொன்பது, துணி மஞ்சள், அல்லது மஞ்சள் மாதிரி.

மாதிரி என்று ஏன் வந்தது? குனிந்து பார்த்தாள். முடிச்சுக்குக் கீழே ஓரமாகக் கொஞ்சம் நிறம் மாறியிருக்கிறதா, இல்லை நிழலா, இல்லை பழைய குங்குமத் தண்ணீர் வால்வின் இடுக்கில் நின்று ஏறுகிறதா? கழுவித் துடைத்தோமே, நன்றாகத் துடைத்தோமா, பின்பக்கம் துடைத்தோமா? பின்பக்கம் துடைத்த ஞாபகம் இல்லை. குங்குமமா, அமோனியாவா, மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கிறதே சனியன். ஜன்னல் வழியாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் மீன் தரம் பிரிக்கிற பொம்பிளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாம் வால்வு சும்மா தண்ணீர்க் குழாய் இல்லை, சேமிப்புத் தொட்டியிலிருந்து திரவ அமோனியா அழுத்தத்தில் வருகிற வழி, இன்றைக்கு ஊசிமுனை, தண்டின் அடைப்பு முழுக்க விட்டுக்கொடுத்தால் அந்த மரத்தடியில் ஒருத்தியாலும் எழுந்து ஓடமுடியாது. அமோனியாவுக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே போகவேண்டும், கண்ணில் தண்ணீர் இருக்கிறது, தொண்டையில் இருக்கிறது, நெஞ்சுக்குள் இருக்கிறது. அதற்கு ஆள் பார்த்துப் பிடிக்கத் தெரியாது. வெயிலாட்சியின் கண் கம்ப்ரஸரை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானுக்குப் போனது. நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் நானூறு கேனும் அரைகுறையாக நிற்கும், ஐந்து மணிக்கு ஐஸ் ஏற்ற வருகிறவர்கள் வாசலில் கத்துவார்கள், முதலாளி ஓடி வருவார், வந்து கேட்கிற முதல் கேள்வி, வாடை அடித்ததா? அடித்தது என்று பொய் சொல்லலாம். அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையே என்றால்? குங்குமம் கரைந்ததற்கா பிளான்ட்டை நிறுத்தினாய் என்றால்? சொல்லித் தொலையேன், தலையையா வெட்டப் போறாவ. நீ சும்மா இருய்யா, உனக்கென்ன, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாய். முப்புடாதி அண்ணாச்சியைக் கூப்பிட்டு முகர்ந்து பாருங்கள் என்று சொன்னால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், இத்தனை நேரம் அதைச் செய்யாமல் கெமிஸ்ட்ரி பாடம் ஓட்டிக்கொண்டு நிற்கிறோமே, ஏன்? கூப்பிட்டால் நீங்க பாக்கலியாம்மா என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து பன்னிரண்டு பேரை மரத்தடியில் உட்கார வைத்திருக்கிறாள். இப்படிச் சொல்லிப் பார்த்ததும் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. மணி ஒன்று இருபத்தொன்று. இன்னும் மூன்று நிமிஷம் சட்டப்படி மிச்சம் இருந்தது, அவள் காத்திருக்கவில்லை.

“அண்ணாச்சி! முப்புடாதி அண்ணாச்சி! செத்த இங்கன வாங்க.”

அண்ணாச்சி கை கழுவிய ஈரத்தோடு வந்தார், ஐம்பத்தைந்து வயசு, தோளில் துண்டு, நெற்றியில் காலையில் வைத்த பட்டை பாதி அழிந்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாக இதே ஷெட்டில் கேன் தூக்குகிறவர். “என்னம்மா, சாப்ட்டியளா?” என்றார்.

“அப்புறம் சாப்பிடுதேன். இந்த வால்வுகிட்ட வாடை அடிக்கா பாருங்க.”

அவர் நின்ற இடத்திலிருந்தே மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினார். “இல்லியேம்மா. எப்பவும் உள்ளதுதான். ஒண்ணும் புதுசா இல்ல.” பிறகு துணியைப் பார்த்தார். “ஐயோ, பொட்டு வச்ச துணிய அவுத்துட்டியளா?”

வெயிலாட்சிக்கு உடம்பெல்லாம் ஒரு நிமிஷம் லேசாகிவிட்டது. இல்லை என்கிறார், மூக்குள்ள மனுஷன் இல்லை என்கிறார். அப்படியானால் குங்குமம்தான், பின்பக்கம் துடைக்காமல் விட்டதுதான், போய்ச் சாப்பிடலாம், யாரிடமும் ஒன்றும் சொல்லவேண்டாம், ரகசியம் பத்திரம், வேலை பத்திரம். இவ்வளவு சுலபமாக ஒரு கதவு திறந்ததில் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. எப்பவும் உள்ளதுதான். அந்த வார்த்தை மனசில் மாட்டிக்கொண்டு நகர மறுத்தது. எப்பவும் என்ன உள்ளது? நல்ல பிளான்ட்டில் ஒரு வாடையும் இருக்கக்கூடாது. இருபத்திரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அமோனியாவிலேயே மூச்சு விட்டு இவருடைய மூக்குக்கு அது பழகிவிட்டது, மீன் மார்க்கெட்டில் இருக்கிறவளுக்கு மீன் வாடை தெரியாத மாதிரி. புதுசாக வந்தால்தான் தெரியும், தினம் ஒரு இம்மி ஏறினால் தெரியாது. முதலாளி வந்தாலும் அப்படித்தான், அவர் இங்கேயே வளர்ந்தவர். இந்த ஷெட்டில் மூக்கு செத்தது தனக்கு மட்டும் என்று ஒன்றரை வருஷமாக ஒளித்துக்கொண்டு திரிந்தாளே, எல்லோருக்கும்தான் செத்திருக்கிறது, அவளுக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கிறது. துணியைப் பார்த்தாள். ஓரத்தில் இருந்தது நிழல் இல்லை. வால்வின் தண்டைத் தொடுகிற விளிம்பிலிருந்து மேலே, நூல் நூலாக, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு ஏறியது. துடைக்காமல் விட்ட பின்பக்கத்தில் துணி மஞ்சளாகவே இருந்தது, குங்குமம் என்றால் அங்கேதான் முதலில் சிவந்திருக்கும். தொண்ணூற்றேழு என்றால் தொண்ணூற்றேழு.

“அண்ணாச்சி, கேளுங்க. எனக்கு ஒண்ணரை வருசமா எந்த வாடையும் தெரியாது. காய்ச்சல்ல போச்சு. ஒங்க யாருகிட்டயும் சொல்லல.”

முப்புடாதி அவளையே பார்த்தார். “என்னம்மா சொல்லுதிய?”

“இது நேர்த்திக்கடனும் இல்ல. அமோனியா பட்டா செவக்கும், அதுக்குத்தான் கட்டிவச்சேன். இப்ப செவக்குது.” சொல்லிக்கொண்டே நடந்துபோய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். கம்ப்ரஸர் இழுத்து இழுத்து நின்றது, ஷெட்டே காது அடைத்த மாதிரி அமைதியானது. அமோனியா சேமிப்புத் தொட்டியின் அடிவால்வைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் திருகி மூடினாள். “ஓடிப்போய் மரத்தடியில உள்ளவங்கள கடல் பக்கமா போச் சொல்லுங்க. சட்டியெல்லாம் அப்புறம் எடுத்துக்கிடலாம்.”

அவர் போனார், பொம்பிளைகள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போகிற சத்தம் கேட்டது, திரும்பி வந்தார். வந்தவர் நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல், அவள் தடுப்பதற்குள் குனிந்து தண்டும் துணியும் சேருகிற இடத்தில் மூக்கை வைத்து இழுத்துவிட்டார். அடுத்த நொடி பின்னால் தாவி, கேன் அடுக்கில் மோதி, கண்ணைப் பொத்திக்கொண்டு இருமினார். வெயிலாட்சி அவர் துண்டையே உருவித் தண்ணீர் வாளியில் முக்கி முகத்தில் அழுத்தினாள். “கண்ணத் தொறந்து மூடுங்க. தண்ணி எல்லாத்தையும் இழுத்துக்கிடும். பயப்படாதிய.”

இருமல் அடங்க நேரமானது. ஈரத் துண்டை விலக்கிவிட்டுச் சிவந்த கண்ணோடு அவளை நிமிர்ந்து பார்த்தார். எத்தனை நாளாக இது கசிகிறது, எத்தனை நாளாக எங்களுக்குத் தெரியவில்லை என்றெல்லாம் கேட்க நினைத்தவர்போல இருந்தது. அவள் அதற்குள் மேஜையிலிருந்து போனை எடுத்து முதலாளியின் நம்பரைப் போட்டுவிட்டாள், மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

“அப்பம் இத்தனை நாளா எங்களக் காப்பாத்துனது அந்தத் துணியா?” என்றார் முப்புடாதி.

“துணி இல்ல அண்ணாச்சி” என்றாள் வெயிலாட்சி, போனைக் காதில் வைத்தபடி. “நாந்தான்.”